சத்தியத்துக்குப் பின் விழுந்த இரண்டு பசுக்கள்

— …அது சரி மகள், அந்த அருவாள முதல்ல கீழ வைங்க. வெச்சிட்டு இப்படிக் கிட்ட வாங்க, இந்தச் சாக்குல என்ட பக்கத்துல இரிங்க. ஒரு கதை செல்லுறேன். கேட்டு முடிச்ச பொறகு அந்தப் புல்ல வெட்டுறதா வேணாமாண்டு நீங்களே முடிவெடுங்க. நான் கையப் புடிக்க மாட்டேன்.

— கதை கேக்குற நேரமாங்க ராத்தா இது? எங்க பசு பவுனு விடியக்காலையில இருந்து எந்திரிக்க முடியாம கெடக்குது. மத்த மூணும் பசியில கத்துற கத்து அம்பிட்டியச் சந்தி வரைக்கும் கேக்கும். நீங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. கெலிஓயாவுல இருந்து வர்றேன்னு சொன்னீங்க, வந்த கையோட அருவாளப் புடுங்குறீங்க.

— புடுங்கல்ல மகள், கேட்டேன். மாட்டு டொக்டருக்குச் செல்லியாச்சா?

— போன் பண்ணிட்டேங்க. ஒம்பது மணிக்குள்ள வர்றேன்னாங்க.

— நல்லம். அப்ப அது வரைக்கும் எங்களுக்கு நேரம் ஈக்கி. கத்துற மூணுக்கும் அந்த வேலிப் பிலா மரத்துல நாலு கொப்பு முறிச்சிப் போடுங்க. கீழத் தோட்டத்துப் புல்லுல மட்டும் கை வைக்காதீங்க. மூணு வாரத்துக்கு முந்திக் கோழிப் பசளை போட்ட தோட்டம் அதுதானே?

— ஆமாங்க. போட்ட பொறகுதான் இப்புடி கருகருன்னு நிக்குது. முந்தா நாளுதான் மொத வெட்டு. சரி, எலைய ஒடிச்சிப் போடுறேன், நீங்க சொல்லிக்கிட்டு இருங்க. காது இங்கதான் இருக்கும்.

— கெலிஓயாவுல, ரயில் ரோட்டுக்கு மேல, றமீஸாண்டு ஒரு பொம்பள. மாப்பிள்ளை மவுத்தாகி ஆறு வருசம். அவர் விட்டுட்டுப் போனது மூணு மாடு, அத ஏழாக்கினது இவ. சுபஹுத் தொழுதிட்டுக் கொட்டிலுக்குள்ள பூந்தாண்டா வெயில் ஏறுறப்பதான் வெளிய வருவா. அவட பால் போகாத ஊடு அந்தத் தெருவுல இல்ல. அந்த ஏழும்தான் அவட சோறு, அவட துணி, ரெண்டு புள்ளைகள்ட இஸ்கூல். அத மனசுல வெச்சிக்கங்க.

— எனக்கு இந்த நாலுதாங்க. அதச் சொல்லித் தர வேண்டியதில்ல.

— ஒரு திங்கக்கெழமை காலையில, கறுப்பி எண்டு ஒரு பசு, கண்டு போட்டுப் பத்து நாள்கூட ஆகல்ல. பின்னங்கால் ரெண்டும் பின்னுது. குடிச்ச ஆள் படியிறங்குற மாதிரி. மத்தியானம் ளுஹர் வாங்கு செல்லுறப்ப படுத்திட்டு. எழுப்பினா எழும்ப ஏலா. காய்ச்சலும் இல்ல. கண்ணப் பாத்தா தெளிவு. ஆளப் பாக்குது, காத ஆட்டுது, ஆனா ஒடம்பு அதுட பேச்சக் கேக்குதில்ல.

— பவுனும் அப்புடித்தாங்க பாக்குது. எல்லாம் வெளங்குது அதுக்கு. அதுதான் என்னால கிட்டக்க நிக்க முடியல.

— டொக்டர் மிஸ் வந்தா. சின்ன வயசு, ஆனா கெட்டிக்காரி. கண்டு போட்ட மாடுதானே, பால் காய்ச்சலாக்கும் எண்டு நெனச்சிக் கல்சியம் ஏத்தினா. எழும்பல்ல. அக்கம்பக்கத்துல கண்ணூறு எண்டாங்க, லெப்பைக்கிட்டத் தண்ணி ஓதி வாங்கிக் குடு எண்டாங்க. றமீஸா அதையும் செஞ்சா. ஆனா ஓதின தண்ணியாண்டாலும் முழுங்குறதுக்குத் தொண்ட வேணுமே மகள். ஊத்தினது அப்படியே கடவாயால வழிஞ்சி சாக்க நனைச்சிச்சு.

— அப்பறம்?

— மறு நாள் ஒரு கெடேறி விழுந்திச்சு. கண்டே போடாதது. கண்டு போடாததுக்கு ஏது பால் காய்ச்சல்? அப்பதான் டொக்டர் மிஸ்ஸுக்கு மொகம் மாறிச்சு. கெடேறிட நாக்கப் புடிச்சி மெதுவா வெளிய இழுத்து விட்டா. நாக்கு உள்ள போகல்ல. ஈரத் துணி மாதிரித் தொங்கிச்சு.

— கொஞ்சம் இருங்க ராத்தா. நான் பவுனுகிட்டப் போய்ட்டு வந்துர்றேன்.

— கைய சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்க.

— …

— பாத்தீங்களா மகள்?

— உள்ள போகலங்க.

— வாங்க. இரிங்க. அழுறதுக்கு இன்னொரு நாள் ஈக்கி, இண்டைக்கி நிக்கிற மூணையும் பாக்கோணும். இது ஒரு மாட்டுல இருந்து மத்ததுக்குத் தொத்துற நோய் இல்ல எண்டு டொக்டர் மிஸ் றமீஸாவுக்கு வெளக்கிச் செல்லினா. பொட்டுலிசமாம் பேரு. செத்தது ஒண்டு காத்துப் படாம அழுகினா அதுல ஊறுற நஞ்சு. தீவனத்துல எங்கயோ ஒரு செத்தது கலந்திரிக்கி, எலியோ பாம்போ என்னமோ, அதக் கண்டுபுடிக்காட்டி மிச்ச அஞ்சும் போகும் எண்டா. விழுந்ததுக்குச் செய்ய ஏலுமானது கொஞ்சம்தான், பொரட்டிப் பொரட்டிப் படுக்கப் போடுங்க, கொஞ்சமா நஞ்சு பட்டிருந்தா தப்பும், இல்லாட்டி இல்ல எண்டு ஒளிக்காமச் செல்லிட்டா.

— ஷிரோமி, மாட்ட வாங்க ஆளு புடிச்சிட்டேன். பத்து மணிக்கு லொறியோட வர்றான். பவுனு மூச்சு இருக்கும்போதே ஏத்திட்டா நமக்கு… யாரு இந்த அம்மா?

— எங்க வீட்டுக்காரருங்க ராத்தா, ஸ்ரனிஸ்லாஸ். த்ரீவீல் ஓட்டுறாரு. இவங்க கெலிஓயாவுல இருந்து வந்திருக்காங்க ஸ்ரனி. மாடு விழுந்த கதை ஒன்னு சொல்றாங்க.

— நல்லா இருக்கு. மாடு விழுந்த வீட்டுல வந்து மாடு விழுந்த கதை. கேளுங்களேன் அம்மா, மாடு எந்திரிச்ச கதை இருந்தா சொல்லுங்க, நானும் ஒக்காருறேன்.

— நிண்ட மாடு நிண்ட கதை ஈக்கி தம்பி. இரிங்க. றமீஸாட ஊட்டுக்கும் ஒங்கட லொறி மாதிரி ஒண்டு வந்திச்சு. மக்கீன் எண்டு மாட்டு ஏவாரி. உசிரு போக முந்திக் கத்தி வெச்சா ஹலால்தானே ராத்தா, எனக்குத் தாங்க எண்டான். றமீஸா கேட்டா, ஹலால்தான் மக்கீன், அந்த எறச்சிய ஒங்கட புள்ளைக்கு ஆக்கிக் குடுப்பீங்களா எண்டு. அவன் தொப்பியக் கழட்டி ஒருக்காத் தட்டிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டு போய்ட்டான். கறுப்பியயும் கெடேறியயும் ஆழமாத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுத்தான் பொதச்சா.

— பொதைக்கிறதா? அம்மா, நீங்க சொல்றது லேசுங்க.

— போன் போட்டு லொறி வேணாம்னு சொல்லுங்க ஸ்ரனி.

— ஷிரோமி, கேளேன்…

— நாக்கு உள்ள போகல ஸ்ரனி. நான் இழுத்துப் பாத்தேன். நம்ம புள்ளைக்கு ஊட்டாதத அடுத்தவன் புள்ளைக்கு ஏத்தி அனுப்ப மாட்டேன். போன் போடுங்க.

— சரி சரி, போடுறேன். மொறைக்காத. நீங்க ஓட்டுங்கம்மா கதைய, ஒரு காதுல போனு, ஒரு காதுல நீங்க.

— றமீஸா அண்டைக்கே தேடத் தொடங்கினா. புண்ணாக்குச் சாக்கு அத்தனையும் முத்தத்துல கொட்டிக் கையால அளைஞ்சா. தண்ணித் தாங்கிய எறச்சிக் காலியாக்கினா. கொட்டில் கூரை வரைக்கும் ஏறிப் பாத்தா. ஒரு எலி வால்கூட இல்ல. புதன்கெழமை மூணாவது விழுந்திச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து, நசீபு இவ்வளவுதான் றமீஸா, மிச்சத்த வித்துப் போடு எண்டாங்க. அவ விக்கல்ல. கொட்டில் வாசல்ல குந்திக்கொண்டு விழுந்தது என்ன தின்னிச்சு, நிக்கிறது என்ன தின்னிச்சு எண்டு ஒண்டொண்டா நெனச்சிப் பாத்தா.

— நானும் அதத்தாங்க விடிஞ்சதுல இருந்து யோசிக்கிறேன். நாலும் ஒன்னாத்தான் திங்குது.

— அவட ஏழுல ஒண்டு மட்டும் வேற மாதிரித் தின்னிச்சு. ஒத்தக்கொம்பி எண்டு பேரு. பொல்லாதது. மத்த மாட்ட முட்டுது எண்டு அத ஒரு மாசமா குசினிக்குப் பின்னால தனியாக் கட்டி, பிலா எலையும் வைக்கலும் போட்டுக்கொண்டிருந்தா. விழுந்த மூணு மாட்டுட எச்சில் தண்ணியத்தான் அதுவும் குடிச்சிச்சு, அதே புண்ணாக்கத்தான் தின்னிச்சு. ஆனா மலை மாதிரி நிக்கிது. அதுக்குக் கெடைக்காதது ஒண்டே ஒண்டுதான்.

— கீழத் தோட்டத்துப் புல்லு.

— அதுதான். றமீஸாட புல்லுத் தோட்டம். ஒங்கடத மாதிரியே. கோழிப் பசளை போட்டு மூணு வாரம்.

— போன் போட்டாச்சு. அவன் ஏசுறான், ஏசிட்டுப் போகட்டும். ஆனா அம்மா, கோழிப் பசளை நாட்டுல யாருதான் போடல? எங்க அப்பா காலத்துல இருந்து போடுறோம். அதப் போட்டா புல்லு வளரும், மாடு எப்புடிச் சாவும்?

— பசளை கொல்லாது தம்பி. பசளைக்குள்ள செத்த கோழி கெடந்தா கொல்லும். மழை அடிச்சா பசளையில ஈக்கிற உமியும் எலும்புத் தூளும் தெறிச்சிப் புல்லுல ஒட்டும், மாட்டுக்கு என்ன தெரியும். றமீஸா அண்டைக்கே புல்ல நிப்பாட்டினா. நிப்பாட்டிட்டு நேரே பசளை வந்த ஊட்டுக்குப் போனா. நாலு தெரு தள்ளி, கோழிக்காரி ஹபீலாட ஊடு. பெரிய கோழிக் கூடு ரெண்டு அவங்களுக்கு. கூட்டுக் குப்பைய றமீஸாவுக்குச் சும்மா குடுப்பா, றமீஸா பெருநாளைக்குப் பால் அனுப்புவா. அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல், பன்னெண்டு வருசமா.

— போய்ச் சண்டையா?

— இல்ல. மரியாதையாக் கேட்டா. டொக்டர் சென்னதையும் செல்லி, ராத்தா, பசளைக்குள்ள செத்த கோழி ஏதும் விழுந்திரிக்குமா எண்டு கேட்டா. ஹபீலா நிண்ட எடத்துலேயே, வல்லாஹி, எங்கட கூட்டுல செத்த கோழி ஒண்டு இண்டு வரைக்கும் ஒருத்தர்ட கைக்குப் போனதில்ல எண்டு சத்தியம் பண்ணினா.

— அப்பறம்?

— அவ்வளவுதான். எங்கட ஆக்கள்ல, ஒருத்தர் வல்லாஹிண்டு செல்லிட்டா அதுக்கு மேல கேக்கிற இல்ல. கேட்டா அந்த ஆள இல்ல, அல்லாஹ்வச் சந்தேகப்பட்ட மாதிரி. றமீஸா தலைய மூடிக்கொண்டு ஊட்டுக்கு வந்தா. அப்ப புல்லு இல்ல, வேற என்னமோ எண்டு நெனச்சா. நாலு மாட்டுக்குப் பிலா எலை எத்தன நாளைக்குக் காணும்? அடுத்த நாள் கீழத் தோட்டத்துல எறங்கித் திரும்பவும் வெட்டினா.

— மாதாவே. எங்கள்லயும் அப்புடித்தாங்க. மாதா மேல ஆணைன்னுட்டா வாய மூடிக்குவோம். அந்தக் கோழிக்காரி பொய்ச் சத்தியம் பண்ணிட்டாளா?

— அதுதான் மகள் வேதன. அவ சென்னது பொய்யில்ல. பதினஞ்சு வருசத்துல செத்த கோழி ஒண்டக் கடைக்குக் குடுத்தவ இல்ல ஹபீலா. சில ஊருல செத்தத அறுத்ததோட சேத்துத் தள்ளுவாங்க. இவ அதத் தொடவே மாட்டா, ஹராமெண்டு ஒதுக்குவா. அதாலதான் அவட கோழிக்குப் பேரு. ஆனா சித்திரை வெயில்ல கரண்ட் போய், கூட்டுல காத்தாடி நிண்டு, ஒரே பகல்ல எத்தனையோ குஞ்சு செத்திச்சு. விக்க ஏலா. நாய்க்குப் போட்டா இழுத்துக்கொண்டு போய் அடுத்த ஊட்டு வாசல்ல போடும். நெலம் பாறை, குழி தோண்ட ஏலல்ல. குப்பைக் குமியலத் தொறந்து உள்ள போட்டு மூடினா. உமிச் சூட்டுல கரைஞ்சி மண்ணாகிரும் எண்டு நெனச்சா. ஹராமான ஒண்ட ஒருத்தர்ட வாய்க்கும் போகாம மறைச்சிட்டேன் எண்டு அண்டைக்கி நிம்மதியாத் தொழுதா.

— அப்ப றமீஸா கேட்டப்ப அது ஞாபகம் வரலையா அவளுக்கு?

— வந்திச்சு. வந்தது நாக்குக்கு எறங்கல்ல. செத்த கோழி எண்டு ஒரு சொல்லு வெளிய போனா ஊரு என்ன செல்லும், பதினஞ்சு வருசப் பேரு என்னாகும் எண்டு ஒரு பயம். மனுசர்ட கைக்குப் போனதில்ல எண்டது உண்மைதானே, உண்மையத்தானே செல்லுறேன் எண்டு மனசுக்குச் சமாதானம் செல்லிக்கொண்டு சத்தியத்த எடுத்தா.

— அந்தக் கோழிக்காரி மனசுக்குள்ள பூந்து பாத்த மாதிரி சொல்றீங்க ராத்தா.

— கதை செல்லுறவ ரெண்டு ஊட்டுலயும் பூரோணும் மகள்.

— எனக்கு அந்த றமீஸாவத்தாங்க தெரியணும். மாடு என்னாச்சு?

— சத்தியத்துக்குப் பொறகு மூணு நாள்ல ரெண்டு விழுந்திச்சு. ஏழுல அஞ்சு போச்சு. அஞ்சாவது விழுந்த அண்டைக்கி றமீஸா அழல்ல. மம்பட்டிய எடுத்துக்கொண்டு கீழத் தோட்டத்து மூலைக்குப் போனா. போட்டு மிஞ்சின பசளை அங்கதான் ஒரு குமியலாக் கெடந்திச்சு. காலையில தொடங்கினவ பின்னேரம் அஸர் வரைக்கும் கிளறினா. ஊரு வேலிக்கு அந்தப் பக்கம் நிண்டு பாத்திச்சு. உமிய ஒரு பக்கம் தள்ளி, ஒவ்வொண்டாப் பொறுக்கி எடுத்தா. கால், சொண்டு, எறகோட ஒட்டின தோலு. அத்தனையும் ஒரு வாளியில போட்டு மூடித் தூக்கிக்கொண்டு, அதே நாலு தெருவால நடந்து ஹபீலாட வாசல்ல வெச்சா.

— வெச்சிட்டு நல்லாக் குடுத்தாளா?

— சத்தம் போடல்ல தம்பி. ராத்தா, நீங்க அல்லாஹ்வ வெச்சிச் செல்லினீங்க, அதுக்குப் பொறகு நான் கேக்கல்ல, கேக்காம விட்ட நாள்ல ரெண்டு போச்சு எண்டு மட்டும் செல்லினா. பொறகு, எனக்கு ஒண்டும் தர வேணாம், இந்தக் குப்பை இனி ஒருத்தர்ட புல்லுலயும் விழாமப் பாத்துக்கங்க எண்டா. திரும்பிப் பாக்காமப் போனா.

— அப்ப கூட்டுல மிச்சம் இருந்த குப்பை?

— அதுக்கு வாறேன்.

— இரும்மா, இரு. எனக்கு வெளங்கிருச்சு. ஷிரோமி, ஒனக்கு வெளங்கலையா? அஞ்சு மாட்டப் பறிகொடுத்துட்டு, இன்னொருத்தருக்கு இது வரக்கூடாதுன்னு பஸ் ஏறி ஊர் ஊரா வந்து சொல்றாங்க. நீங்கதானே அம்மா அந்த றமீஸா?

— அப்புடியாங்க ராத்தா? நான் ஒரு மடச்சி. வந்த ஒடனே யாரு எவருன்னு கேட்டு அதட்டிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வாய் பிளேன்டீகூடக் குடுக்காம ஒக்கார வெச்சிருக்கேன். ஸ்ரனி, உள்ள இருந்து ஒரு கதிரை எடுத்துட்டு வாங்க.

— வேணாம் மகள். சாக்கு போதும்.

— கேளுங்களேன் அம்மா, ஒங்கள மாதிரி ஒரு ஆளக் கண்டதே பெரிய விஷயம். ஆனா ஒன்னு சொல்றேன், கோவிக்காதீங்க. நீங்க பட்டது கெலிஓயாப் பசளை. நம்மளுது வேற. லொறியில கொண்டாந்தவன் பாயிஸ்னு ஒருத்தன், நானே வெசாரிச்சேன். குருநாகல் பக்கம் ஒரு பெரிய கோழிப் பண்ணையில இருந்து வருது, சுத்தமான பசளைன்னு அடிச்சிச் சொன்னான். பவுனுக்கு வேற எதாச்சும் இருக்கும். டொக்டர் வந்து பாக்கட்டும். அது வரைக்கும் மூணையும் பட்டினி போட முடியுமா? பிலா எல ஒரு வேளைக்குக் காணாது.

— எனக்கும் அதாங்க ராத்தா. நீங்க நல்ல மனசோட வந்தீங்க. ஆனா அந்தத் தோட்டத்த விட்டா இந்த மழைக்கு எனக்குப் புல்லு கெடையாது. குருநாகல் பசளைக்குள்ள செத்த கோழி கெடந்துச்சுன்னு நீங்க எப்புடிச் சொல்ல முடியும்? நீங்க அங்க போய்ப் பாத்தீங்களா? இன்னிக்கு ஒரு வேளை வெட்டிப் போட்டுர்றேன், டொக்டர் வேணாம்னா நிப்பாட்டுறேன்.

— அந்த ஒரு வேளை போதும் மகள். றமீஸாவும் ஒரு வேளைக்குத்தான் எறங்கினா. நேத்துக் கடுகண்ணாவையில, பாயிஸ் பசளை எறக்கின இன்னொரு ஊட்டுக்குப் போனேன். புல்லு வெட்ட வேணாம் எண்டு மட்டும் செல்லிட்டு, பேரு ஊரு செல்லாம வந்தேன். சிரிச்சாங்க. நான் பஸ்ஸுக்கு நடக்கிறப்ப பின்னால புல்லு வெட்டுற சத்தம் கேட்டிச்சு. அந்தச் சத்தம்தான் என்னை இண்டைக்கி இங்க இரிக்க வெச்சது. இண்டைக்கித் திரும்பவும் அங்க போவேன், இந்த மொறை எல்லாத்தையும் செல்லுவேன். நான் றமீஸா இல்ல. றமீஸா கெலிஓயாவுல, மிஞ்சின ரெண்டு மாட்டோட ஈக்கிறா. ஒங்கட பசளை குருநாகல்ல இருந்து வந்ததில்ல. றமீஸா வாளியத் தூக்கிக்கொண்டு வந்த அண்டைக்கிக் கூடு துப்புரவா இரிந்திச்சு, மிச்சத்த எல்லாம் அதுக்கு முந்தியே பாயிஸ்ட லொறியில ஏத்தி, கண்ணுக்கு மறைஞ்சாப் போதுமெண்டு தூரத்துக்கு அனுப்பியாச்சு. எங்க இருந்து எண்டு யாரும் கேட்டா குருநாகல் எண்டு செல்லு எண்டு பாயிசுக்குச் செல்லிக் குடுத்தது நான். இதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன் மகள், நான் எடுத்த சத்தியம் ரெண்டு பசுவத் தின்னிச்சு. நீங்களே கீழத் தோட்டத்துல குனிஞ்சி உமியக் கிளறிப் பாருங்க. பொறகு என்னை ஏசுங்க, டொக்டர் வந்தா டொக்டருக்கும் நானே செல்லுறேன், பொலிசுக்குச் செல்லோணுமெண்டா அதுக்கும் வாறேன். ஒங்கட மூணு மாடும் நிண்ட எடத்துல நிக்கட்டும், பவுனுக்கு ஹயாத் இரிந்தா எழும்பட்டும், ஒங்கட புள்ளைகள்ட கோப்பையில பால் கொறையாம ஈக்கட்டும், இந்த ஊட்டுக்குப் பரக்கத் எறங்கட்டும். கேக்கிறது ஹபீலாட வாயெண்டு பாத்து அல்லாஹ் அதத் தட்டாம ஈக்கட்டும்.